பென்சீனின் எலக்ட்ரான் கவர் பதிலீட்டு வினைகள்: ஒரே வினைவழியைக் கொண்டு அத்தனையையும் எழுதும் முறை

கேரள எல்லையான களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் பாறசாலையில் படிக்கும் பிள்ளைகள் கையில் என்.சி.இ.ஆர்.டி. புத்தகம் இருக்கிறது. இந்தப் பக்கம் குழித்துறை, மார்த்தாண்டம் பிள்ளைகளுக்குத் தமிழ்நாட்டுப் பாடநூல். மாலையில் டியூஷனுக்கு ஒரே பெஞ்சில் வந்து உட்காரும்போது இரண்டு கூட்டத்தின் நோட்டிலும் ஒரே மாதிரி ஒரு பக்கம் இருக்கும். நைட்ரோ ஏற்றம், சல்ஃபோனேற்றம், ஹாலஜனேற்றம், ஃப்ரீடல்-கிராஃப்ட் ஆல்கைலேற்றம், அசைலேற்றம் என்று ஐந்து கட்டம் போட்டு, வினைபொருளையும் வினையூக்கியையும் வெப்பநிலையையும் நிரப்பி வைத்திருப்பார்கள். அதை அப்படியே உருப்போடுவார்கள்.

அந்த ஐந்தும் ஐந்து வினைகள் அல்ல. ஒரே வினைதான். பென்சீன் வளையத்தைத் தேடி வருகிற கரணி (வினைபுரிய வரும் பொருள்) மட்டும்தான் மாறுகிறது. இதை ஒருமுறை கையால் வரைந்து பார்த்துவிட்டால், பிறகு வரும் ஆர்த்தோ, மெட்டா, பாரா (வளையத்தில் ஏற்கெனவே உள்ள தொகுதிக்கு அடுத்த இடம், ஒன்று தள்ளிய இடம், நேர் எதிர் இடம்) விவகாரமும் அதே படத்திலிருந்து தானாக வந்து விழும். ஒரு நோட்டும் பென்சிலும் அழிரப்பரும் எடுத்துக்கொண்டு படியுங்கள். வாசித்துவிட்டுப் போவதற்கான பாடம் இல்லை இது.

முதலில் பென்சீனின் குணம்

எத்திலீனை புரோமின் நீருக்குள் செலுத்தினால் செம்பழுப்பு நிறம் மறைந்துவிடும். இரட்டைப் பிணைப்பு புரோமினைச் சேர்த்துக்கொள்கிறது. பென்சீனை புரோமின் நீரோடு குலுக்கினால் அப்படி நடக்காது. நிறம் கீழேயுள்ள நீரிலிருந்து மேலேயுள்ள பென்சீன் அடுக்குக்கு இடம் மாறும், அவ்வளவுதான். புரோமின் கரைகிறதே ஒழிய வினைபுரிவதில்லை. மூன்று இரட்டைப் பிணைப்பு போட்டு வரைகிற ஒரு மூலக்கூறு இப்படி அசையாமல் இருப்பது ஏன்?

1825-இல் மைக்கேல் ஃபாரடே பென்சீனைப் பிரித்தெடுத்தார். 1865-இல் கெக்குலே அதற்கு வளைய அமைப்பைச் சொன்னார். அந்தப் படத்தில் ஒற்றைப் பிணைப்பும் இரட்டைப் பிணைப்பும் மாறி மாறி வரும். ஆனால் அளந்து பார்த்தால் ஆறு கார்பன்–கார்பன் பிணைப்பும் ஒரே நீளம், சுமார் 139 பிக்கோமீட்டர். சாதாரண ஒற்றைப் பிணைப்பு 154, இரட்டைப் பிணைப்பு 134. பென்சீனுடையது இரண்டுக்கும் நடுவே நிற்கிறது. ஆறு கார்பனிலும் உள்ள பி ஆர்பிட்டால்கள் பக்கவாட்டில் ஒன்றோடொன்று மேற்பொருந்தி, ஆறு பை எலக்ட்ரான்களும் வளையம் முழுக்கப் பரவிக்கிடக்கின்றன.

இந்தப் பரவல் எவ்வளவு பெறுமதி என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. சைக்ளோஹெக்சீனில் உள்ள ஓர் இரட்டைப் பிணைப்பில் ஹைட்ரஜன் ஏற்றினால் மோலுக்குச் சுமார் 120 கிலோஜூல் வெளிவரும். மூன்றுக்கு 360 வர வேண்டும். பென்சீன் கொடுப்பது சுமார் 208 மட்டுமே. மீதி 150 கிலோஜூல் அளவுக்குப் பென்சீன் ஏற்கெனவே நிலைத்தன்மை பெற்று உட்கார்ந்திருக்கிறது. சேர்க்கை வினை நடந்தால் இந்தச் சொத்து நிரந்தரமாகப் போய்விடும். பதிலீடு நடந்தால் கொஞ்ச நேரத்துக்குத்தான் இழப்பு, பிறகு திரும்பக் கிடைத்துவிடும். பென்சீன் பதிலீட்டைத் தேர்ந்தெடுப்பதற்கு இது ஒன்றே காரணம்.

வளையத்தின் மேலும் கீழும் எலக்ட்ரான் மேகம் இருப்பதால், அதைத் தேடி வருவது எலக்ட்ரான் பற்றாக்குறை உள்ள பொருளாகத்தான் இருக்க முடியும். அதுதான் எலக்ட்ரான் கவர் கரணி.

படத்தை வரைதல்

இந்தப் பகுதியில் அவசரப்படக் கூடாது.

ஓர் அறுகோணம் வரைந்து கார்பன்களுக்கு 1 முதல் 6 வரை எண் கொடுங்கள். 1-2, 3-4, 5-6 ஆகிய இடங்களில் இரட்டைப் பிணைப்பு. நடுவில் வட்டம் போடும் பழக்கத்தை இந்தப் பாடத்துக்கு மட்டும் விட்டுவிடுங்கள். வட்டத்தை வைத்து எலக்ட்ரான் நகர்வைக் காட்ட முடியாது. 1-ஆம் கார்பனில் உள்ள ஹைட்ரஜனை மறக்காமல் எழுதுங்கள். அதுதான் கடைசியில் வெளியேறப் போவது.

பக்கத்தில் நேர்மின் குறியோடு கரணியை எழுதுங்கள். இப்போது வளைந்த அம்பு. அது 1-2 இரட்டைப் பிணைப்பில் தொடங்கி கரணியில் முடிய வேண்டும். கரணியிலிருந்து வளையத்துக்கு அம்பு வரைந்தால் விடை தவறு. அம்பு எலக்ட்ரான் போகும் வழியைக் காட்டுவது, எலக்ட்ரான் இருப்பதோ வளையத்தில்.

1-ஆம் கார்பன் கரணியைப் பிடித்துக்கொண்டது. அதில் இப்போது கரணியும் ஹைட்ரஜனும் இரண்டும் இருக்கின்றன, நான்கு ஒற்றைப் பிணைப்பு. எலக்ட்ரானை இழந்தது 2-ஆம் கார்பன், ஆகவே நேர்மின் குறி 2-இல். பலர் அதை 1-இல் போட்டுவிடுகிறார்கள். 1-ஆம் கார்பனுக்கு எந்தக் குறையும் இல்லை என்பதை எண்ணிப் பாருங்கள்.

அடுத்து, 3-4 இரட்டைப் பிணைப்பை 2-3 ஆக நகர்த்துங்கள். நேர்மின் 4-க்குப் போகும். பிறகு 5-6 பிணைப்பை 4-5 ஆக நகர்த்துங்கள். நேர்மின் 6-க்குப் போகும். ஆக மூன்று உடனிசைவு அமைப்புகள் (எலக்ட்ரான் இருக்கும் இடம் மட்டும் மாறும் படங்கள்), நேர்மின் இருப்பது 2, 4, 6 ஆகிய கார்பன்களில் மட்டும். 3-லும் 5-லும் அது ஒருபோதும் வராது. இந்த வரியை அடிக்கோடிட்டு வையுங்கள். பாடத்தின் பின்பாதி முழுக்க இதன் மேல்தான் நிற்கிறது.

இந்த இடைநிலைக்கு அரீனியம் அயனி என்று பெயர், சிக்மா அணைவு என்றும் சொல்வார்கள். உடனிசைவு இருந்தாலும் இது அரோமேட்டிக் (எலக்ட்ரான் வளையம் முழுக்கப் பரவி நிலைத்தது) இல்லை, ஏனென்றால் 1-ஆம் கார்பனில் பி ஆர்பிட்டால் இல்லாததால் வளையம் அறுந்துவிட்டது. அந்த நிலைத்தன்மையை விட்டுக்கொடுத்து இங்கே ஏறி வருவதால் இந்த முதல் படி மெதுவானது, வினைவேகத்தைத் தீர்மானிப்பதும் இதுவே.

இரண்டாம் படி விரைவானது. அங்கிருக்கும் ஒரு காரம் 1-ஆம் கார்பனின் ஹைட்ரஜனைப் புரோட்டானாக எடுத்துக்கொள்ளும். அந்தப் பிணைப்பின் எலக்ட்ரான்கள் வளையத்துக்குள் திரும்பும். அரோமேட்டிக் தன்மை மீண்டுவிட்டது. இங்கே அம்பு கார்பன்–ஹைட்ரஜன் பிணைப்பிலிருந்து வளையத்தை நோக்கி.

முதல் படிதான் மெதுவானது என்று எப்படித் தெரியும்? 1950 வாக்கில் ஸ்வீடனைச் சேர்ந்த மெலாண்டர், ஹைட்ரஜனுக்குப் பதில் அதன் கனமான ஐசோடோப்பான டிரிட்டியம் இருக்கும் வளையங்களை நைட்ரோ ஏற்றம் செய்து பார்த்தார். கனமான ஹைட்ரஜனின் பிணைப்பை உடைப்பது கடினம். அது உடைவதுதான் வேகத்தைத் தீர்மானிக்கும் படி என்றால் வினை மெதுவாகியிருக்க வேண்டும். ஆகவில்லை. ஒரு வினைவழியை இவ்வளவு தெளிவாக நிறுவும் சோதனை பள்ளிப் பாடத்தில் இடம்பெறாமல் போவது எனக்கு வருத்தம்தான்.

கரணி எங்கிருந்து வருகிறது

இனி ஐந்து வினைக்கும் நீங்கள் கேட்க வேண்டியது ஒரே கேள்வி: நேர்மின் கரணி யார், எப்படி உருவானார்? மற்றதெல்லாம் மேலே வரைந்த படம்.

நைட்ரோ ஏற்றத்துக்கு அடர் நைட்ரிக் அமிலமும் அடர் கந்தக அமிலமும் கலந்த கலவை, 50 முதல் 60 டிகிரி செல்சியஸ். கந்தக அமிலம் இரண்டில் வலியது, அது நைட்ரிக் அமிலத்துக்குப் புரோட்டானைக் கொடுக்கிறது. அதாவது இங்கே நைட்ரிக் அமிலம் காரமாக நடந்துகொள்கிறது. புரோட்டானை வாங்கிய அது ஒரு நீர் மூலக்கூறை இழந்து நைட்ரோனியம் அயனி ஆகிறது. ஒரு நைட்ரஜன், இரண்டு ஆக்சிஜன், ஒரு நேர்மின். இதுதான் கரணி. தேர்வில் கந்தக அமிலத்தின் வேலை என்ன என்று கேட்டால் "வினையூக்கி" என்று ஒரு சொல்லில் முடிக்காமல் இந்த இரண்டு வரியையும் எழுதுங்கள். வெப்பத்தைக் கூட்டி, புகையும் நைட்ரிக் அமிலம் சேர்த்தால் இரண்டாவது நைட்ரோ தொகுதியும் ஏறும், அது மெட்டா இடத்தில்.

ஹாலஜனேற்றத்தில் குளோரினோ புரோமினோ தனியாக வந்தால் பென்சீனை அசைக்கும் வலு அதற்கு இல்லை. ஃபெர்ரிக் புரோமைடு போன்ற லூயி அமிலம் (எலக்ட்ரான் இரட்டையை வாங்கிக்கொள்ளும் பொருள்) புரோமின் மூலக்கூறின் ஒரு முனையைப் பிடித்து இழுக்கிறது, மறுமுனை நேர்மின் பெறுகிறது. இரண்டாம் படியில் புரோட்டானை எடுப்பது அதே இரும்பு அணைவுதான். ஹைட்ரஜன் புரோமைடு வெளியேற, ஃபெர்ரிக் புரோமைடு திரும்பக் கிடைக்கிறது. சூரிய ஒளியில் குளோரினைச் செலுத்தினால் கதையே வேறு. அங்கே தனி உறுப்பு (இணை சேராத எலக்ட்ரான் கொண்ட துகள்) வழியில் சேர்க்கை நடந்து ஹெக்சாகுளோரோ சைக்ளோஹெக்சேன் வரும், லிண்டேன் பூச்சிக்கொல்லி அந்த வகை. ஃப்ளூரின் கட்டுக்கடங்காமல் வினைபுரியும். அயோடினுக்கு நைட்ரிக் அமிலம் மாதிரி ஓர் ஆக்சிஜனேற்றி துணை வேண்டும், இல்லாவிட்டால் உருவாகும் ஹைட்ரஜன் அயோடைடு வினையைப் பின்னோக்கித் திருப்பிவிடும்.

சல்ஃபோனேற்றத்தில் கரணி கந்தக ட்ரை ஆக்சைடு, புகையும் கந்தக அமிலமான ஓலியத்தில் அது கரைந்திருக்கிறது. அதற்கு முழு நேர்மின் இல்லை. ஆனால் மூன்று ஆக்சிஜன் சேர்ந்து இழுப்பதால் நடுவிலுள்ள கந்தகம் எலக்ட்ரானுக்கு ஏங்குகிறது. கரணி என்றால் நேர்மின் குறி கட்டாயம் என்று நினைப்பவர்கள் இங்கே தடுமாறுவார்கள். இன்னொன்று, இந்த வினை மீள்தன்மை உடையது. நீர்த்த அமிலத்தோடு சூடாக்கினால் சல்ஃபோனிக் தொகுதி கழன்றுவிடும். தொகுப்பு வேலையில் இது பெரிய உதவி: ஓர் இடத்தைத் தற்காலிகமாக அடைத்து வைத்துவிட்டு, வேலை முடிந்ததும் திறந்துவிடலாம்.

ஃப்ரீடலும் கிராஃப்ட்ஸும் 1877-இல் வெளியிட்ட வினைகள் இரண்டு. ஆல்கைல் குளோரைடோடு நீரற்ற அலுமினியம் குளோரைடைச் சேர்த்தால் அது குளோரினைப் பிடுங்கி கார்பன் நேரயனியை உருவாக்கும், அது வளையத்தில் ஏறும். நீரற்ற என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். ஈரம் பட்டால் அலுமினியம் குளோரைடு தண்ணீரோடு வினைபுரிந்து வீணாகிவிடும். நம் மழைக்காலத்தில் அந்த பாட்டிலைத் திறந்ததுமே புகைவதைக் கல்லூரி ஆய்வகத்தில் பார்க்கலாம்.

ஆல்கைலேற்றத்தில் இரண்டு தொல்லை. ஒன்று, ஏறிய ஆல்கைல் தொகுதி வளையத்தை இன்னும் வேகப்படுத்துவதால் ஒன்றோடு நிற்காது, இரண்டு மூன்று ஏறும். இரண்டு, நேரயனி தன்னை மாற்றி அமைத்துக்கொள்ளும். 1-குளோரோ புரோப்பேனைக் கொடுத்து நேர்ச் சங்கிலி புரோப்பைல்பென்சீன் கிடைக்கும் என்று காத்திருந்தால் பெரும்பாலும் ஐசோபுரோப்பைல்பென்சீன்தான் வரும். ஈரிணைய நேரயனி நிலையானது என்பதால் ஹைட்ரஜன் இடம் மாறிவிடுகிறது.

அந்த ஐசோபுரோப்பைல்பென்சீனுக்கு குமீன் என்று பெயர். நமக்கு வடக்கே கொச்சிப் பக்கம் அம்பலமுகளில் இருக்கும் ஹிந்துஸ்தான் ஆர்கானிக் கெமிக்கல்ஸ் ஆலை ஃபீனாலும் அசிட்டோனும் தயாரிப்பது குமீன் வழியில்தான். பென்சீனில் புரோப்பிலீன் ஏற்றி குமீன், அதைக் காற்றால் ஆக்சிஜனேற்றி, அமிலத்தால் பிளந்தால் இரண்டும் கிடைக்கும். நோட்டில் நாம் வரைகிற அம்பு அங்கே டன் கணக்கில் ஓடுகிறது.

அசைலேற்றத்தில் இந்தத் தொல்லைகள் இல்லை. அசெட்டைல் குளோரைடிலிருந்து வரும் அசைலியம் அயனி உடனிசைவால் நிலைத்திருப்பதால் மாறி அமையாது. உருவாகும் கீட்டோன் வளையத்தை மந்தமாக்குவதால் இரண்டாவது ஏறாது. ஆனால் கீட்டோனின் ஆக்சிஜன் அலுமினியம் குளோரைடைப் பிடித்து வைத்துக்கொள்வதால், வினையூக்கி என்ற பெயரில் சிட்டிகை போட்டால் போதாது, ஒரு மோலுக்கு மேல் வேண்டும். நேர்ச் சங்கிலி புரோப்பைல்பென்சீன் வேண்டுமென்றால் முதலில் புரோப்பியனைல் குளோரைடால் அசைலேற்றி, பிறகு துத்தநாக ரசக்கலவையும் அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் கொண்டு, கீட்டோனின் ஆக்சிஜனை நீக்கும் கிளெமன்சன் ஒடுக்கம் செய்யுங்கள்.

வளையத்தில் ஏற்கெனவே ஒருவர் இருந்தால்

இப்போது அடிக்கோடிட்ட வரிக்குத் திரும்புவோம். கரணி 1-இல் ஏறினால் நேர்மின் 2, 4, 6-இல் வரும்.

மெத்தில் தொகுதி ஏறிய பென்சீனான டொலுயீனை எடுங்கள். மெத்தில் தொகுதி 2-இல் இருந்தால், கரணிக்கு அது ஆர்த்தோ. 4-இல் இருந்தால் பாரா. இரண்டிலும் மூன்று அமைப்புகளில் ஒன்றில் நேர்மின் நேராக மெத்தில் உள்ள கார்பனுக்கே வந்து சேர்கிறது. மெத்தில் எலக்ட்ரான் தருவதால் அந்த அமைப்பு நிலைபெறுகிறது. மெத்தில் 3-இல் இருந்தால் நேர்மின் அங்கே வரவே வராது, உதவி கிடைக்காது. ஆகவே ஆர்த்தோ, பாரா. டொலுயீன் நைட்ரோ ஏற்றத்தில் ஆர்த்தோ சுமார் 60 சதவீதம், பாரா 35-க்கு மேல், மெட்டா 5-க்கும் கீழே. வேகம் பென்சீனைப் போல ஏறக்குறைய 25 மடங்கு.

ஹைட்ராக்சில் உள்ள ஃபீனாலிலும் அமினோ உள்ள அனிலீனிலும் உதவி இன்னும் பெரிது. ஆக்சிஜனோ நைட்ரஜனோ தன் தனித்த எலக்ட்ரான் இரட்டையை வளையத்துக்குள் தள்ளுவதால் நான்காவதாக ஓர் அமைப்பு கிடைக்கிறது, அதில் எல்லா அணுக்களுக்கும் எண்மம் நிறைந்திருக்கிறது. அதனால்தான் ஃபீனாலில் புரோமின் நீரை ஊற்றினால் லூயி அமிலம் எதுவும் இல்லாமலே 2, 4, 6 மூன்று இடமும் நிரம்பி வெள்ளை வீழ்படிவு இறங்குகிறது. பிளஸ் டூ செய்முறையில் நீங்கள் கண்ணால் பார்ப்பது இதைத்தான். பென்சீனை மட்டும் பள்ளி ஆய்வகத்தில் தேடாதீர்கள், மக்களே. அது ரத்தப் புற்றுநோயை உண்டாக்கும் பொருள்.

நைட்ரோபென்சீனில் நிலைமை தலைகீழ். நைட்ரோ தொகுதியின் நைட்ரஜனில் ஏற்கெனவே நேர்மின் இருக்கிறது. அது 2-இலோ 4-இலோ இருந்தால் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு நேர்மின் வந்து நிற்கும், அந்த அமைப்பு தாங்காது. 3-இல் இருந்தால் அந்தச் சிக்கல் இல்லை. கவனியுங்கள், மெட்டாவுக்கு யாரும் உதவி செய்யவில்லை. மூன்று இடமும் கெட்டுப்போனதில் மெட்டா குறைவாகக் கெட்டது, அவ்வளவே. நைட்ரோபென்சீனின் வேகம் பென்சீனைவிடச் சுமார் ஒரு கோடி மடங்கு குறைவு, விளைபொருளில் 90 சதவீதத்துக்கு மேல் மெட்டா. கார்பாக்சில், சயனோ, சல்ஃபோனிக், கார்போனைல் தொகுதிகள் எல்லாம் இதே கட்சி.

ஹாலஜன்கள்தான் பலரைக் குழப்புகின்றன. குளோரோபென்சீன் பென்சீனைவிட மெதுவாக வினைபுரியும், ஆனாலும் ஆர்த்தோ, பாரா இடங்களுக்கே அனுப்பும். இதில் முரண்பாடு இல்லை, இரண்டு வெவ்வேறு விளைவுகள் வேலை செய்கின்றன. குளோரின் தூண்டல் விளைவால், அதாவது பிணைப்பு வழியான இழுப்பால், வளையம் முழுவதிலிருந்தும் எலக்ட்ரானை இழுக்கிறது, அதனால் வேகம் குறைகிறது. ஆனால் நேர்மின் குளோரின் உள்ள கார்பனுக்கு வரும்போது, தன் எலக்ட்ரான் இரட்டையைக் கொடுத்து அந்த நான்காவது அமைப்பை உண்டாக்குகிறது. ஆகவே இடத்தைத் தீர்மானிப்பது உடனிசைவு, வேகத்தைத் தீர்மானிப்பது தூண்டல்.

எதை முதலில் ஏற்றுவது

தொகுப்புக் கேள்விகளுக்கு வரிசைதான் உயிர். மெட்டா-புரோமோ நைட்ரோபென்சீன் வேண்டுமா? முதலில் நைட்ரோ, பிறகு புரோமின். பாரா வேண்டுமா? முதலில் புரோமின், பிறகு நைட்ரோ, கூடவே வரும் ஆர்த்தோவைப் பிரித்தெடுக்க வேண்டும். டொலுயீனிலிருந்து பாரா-நைட்ரோ பென்சாயிக் அமிலம் வேண்டுமென்றால் முதலில் நைட்ரோ ஏற்றிவிட்டுப் பிறகு பொட்டாசியம் பெர்மாங்கனேட்டால் மெத்திலை ஆக்சிஜனேற்றுங்கள். மெட்டா அமிலம் என்றால் முதலில் ஆக்சிஜனேற்றம்.

மெட்டா-நைட்ரோ அசிட்டோஃபீனோனுக்கு இரண்டு தொகுதியும் மெட்டாவுக்கே அனுப்புபவை, எதை முதலில் வைத்தால் என்ன என்று தோன்றும். ஆனால் நைட்ரோபென்சீனில் ஃப்ரீடல்-கிராஃப்ட் வினை நடக்காது, வளையம் அவ்வளவு மந்தம். அசைலேற்றம்தான் முதலில். அனிலீனிலும் அது நடக்காது, அங்கே காரணம் வேறு: அமினோ தொகுதி அலுமினியம் குளோரைடைப் பிடித்துக்கொள்கிறது.

அனிலீனை நேரடியாக நைட்ரோ ஏற்றம் செய்தாலும் பாதிக்குச் சற்றுக் குறைவாக, சுமார் 47 சதவீதம், மெட்டா வந்துவிடும். அமிலத்தில் அமினோ தொகுதி புரோட்டானை வாங்கி அனிலினியம் ஆகிவிடுவதால் அதனிடம் கொடுக்க எலக்ட்ரான் இரட்டை இல்லை. அசெட்டிக் நீரிலியால் அதை அசெட்டனிலைடாக்கி, நைட்ரோ ஏற்றி, கடைசியில் நீராற்பகுத்தால் பாரா-நைட்ரோ அனிலீன் முக்கிய விளைபொருளாகக் கிடைக்கும்.

நம் ஊர் மூலக்கூறு ஒன்றில் செய்து பார்ப்போம்

குமரி மாவட்டத்திலும் கொல்லத்திலும் முந்திரி ஆலைகள் நிறைய. கொட்டையின் தோட்டிலிருந்து வரும் எண்ணெயைச் சூடாக்கினால் அதிலுள்ள அனகார்டிக் அமிலம் கார்பன் டை ஆக்சைடை இழந்து கார்டனால் ஆகும். கார்டனால் ஒரு ஃபீனால்: 1-இல் ஹைட்ராக்சில், 3-இல் பதினைந்து கார்பன் நீளமுள்ள சங்கிலி. இதோடு அமிலம் சேர்த்து ஃபார்மால்டிஹைடை வினைப்படுத்தினால் எங்கே ஏறும்?

படியாகப் போங்கள். கரணி யார்? அமிலத்திலிருந்து புரோட்டான் வாங்கிய ஃபார்மால்டிஹைடு, அதன் கார்பன் எலக்ட்ரானுக்கு ஏங்குகிறது. ஹைட்ராக்சில் எங்கே அனுப்பும்? ஆர்த்தோ, பாரா, அதாவது 2, 4, 6. சங்கிலி எங்கே அனுப்பும்? அது 3-இல் இருப்பதால் அதற்கு ஆர்த்தோ 2-ம் 4-ம், பாரா 6. இரண்டு தொகுதியும் ஒரே இடங்களைக் காட்டுகின்றன. ஒன்றுக்கொன்று முரண்பட்டிருந்தால் வலுவாக எலக்ட்ரான் தரும் ஹைட்ராக்சில் பேச்சே எடுபட்டிருக்கும். 2-ஆம் இடம் இரண்டுக்கும் நடுவே நெருக்கடியில் மாட்டியிருப்பதால் 4-ம் 6-ம் முந்தும்.

ஏறிய தொகுதி அமிலத்தில் நீரை இழந்து புதிய கார்பன் நேரயனி ஆகும். அதுவே அடுத்த கார்டனால் வளையத்துக்குக் கரணி. அங்கேயும் அதே அம்பு, அதே 2, 4, 6, அதே புரோட்டான் இழப்பு. வளையத்துக்கு வளையம் ஒரு மெத்திலீன் பாலம் போட்டுக்கொண்டே போனால் கிடைப்பது கெட்டியான ரெசின். பஸ், லாரிகளின் பிரேக் லைனிங்கில் அதைச் சேர்க்கிறார்கள். இரண்டு வளையம் இணைவது வரைக்கும் உள்ள வினைவழியை, மூன்று உடனிசைவு அமைப்புகளோடும் ஹைட்ராக்சில் தரும் நான்காவதோடும், நோட்டில் நீங்களே வரைந்து முடியுங்கள்.